பிள்ளை மரத்திலிருந்து விழுந்தால்

மாமரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ பிள்ளை விழுந்தால், அள்ளித் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு யாழ். போதனா வைத்தியசாலைக்குப் பறப்பதுதான் நம்மவர் வழக்கம். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே கேடாகிவிடும். அசைக்காமல் 1990-ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூச்சில்லையென்றால் அதையே முதலில் சொல்லுங்கள்.

வீரிட்டு அழும் பிள்ளையைவிட, சத்தமின்றிச் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பற்றியே அதிகம் அஞ்ச வேண்டும். உள்ளே இரத்தம் கசிந்தாலும் சிறுவர்களின் இரத்த அழுத்தம் சட்டென இறங்காது; தோல் வெளிறிக் குளிர்வதும் நாடி விரைவதும் முந்திக்கொள்ளும்.

இரத்தம் வடியும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். காயத்தில் கோப்பித்தூள் பூசவே வேண்டாம், அம்மம்மா சொன்னாலும்தான். குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.