ஜின்செங் டப்பாவைத் திறக்கும் முன் வயிற்றைக் கொஞ்சம் விசாரியுங்கள்

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் அண்ணனுக்கும், செல்லூரில் எங்கள் வீட்டுக்காரருக்கும் போன வருடம் ஒரே மாதிரி இரண்டு டப்பா வந்தது. தென்கொரியாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் அனுப்பிய சிவப்பு ஜின்செங் மாத்திரை, தெம்புக்கு என்று சாப்பிடும் ஒரு வேரில் செய்தது. பத்தாம் நாள் அண்ணன் போன் போட்டு, "ஏம்மா, ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடக்கேன்" என்றார். இவரோ, "எனக்கு ஒண்ணுமே தெரியல. உங்கண்ணன் மகன் அவங்கப்பாவுக்கு அசலை அனுப்பிட்டு எனக்கு டூப்ளிகேட்டைத் தள்ளிட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே பேட்ச். 28 வருடம் மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுத்த எனக்கு பேட்ச் நம்பர் பார்ப்பது கைப்பழக்கம். ஆனால் முந்தின வாரம்தான் இவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி ஆன்டிபயாட்டிக் ஓடியது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தேகப்பட இடம் இருக்கிறது, ஏனென்றால் ஜின்செங் வேலை செய்கிற விதம் அப்படி.

அந்த வேரில் உள்ள சத்துகளுக்கு ஜின்சினோசைடு என்று பெயர். அதில் முக்கியமான ஒன்று ஆர்பி1. அதன் உடம்பில் நாலு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுப் பலாப்பழத்தை வாசலில் இறக்கிவைத்த மாதிரிதான் அது. அப்படியே ரத்தத்தில் ஏறுவது சொற்பம். அறுக்கத் தெரிந்த ஆட்கள் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள். ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுவார்கள். கழற்றினது அவர்களுக்குக் கூலி. ஆர்பி1, ஆர்டி ஆகும், அது எஃப்2 ஆகும், கடைசியில் ஒரே ஒரு குளுக்கோஸ் மிஞ்சிய காம்பவுண்ட் கே வரும். ரத்தத்தில் நன்றாக ஏறுவது இதுதான். அறுக்கிற ஆட்கள் எல்லார் வயிற்றிலும் ஒரே கணக்கில் இல்லை. ஒருவருக்கு நிறைய காம்பவுண்ட் கே கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம்கூடத் தேறாது. ஆன்டிபயாட்டிக் போட்டால் அந்த ஆட்களும் சேர்ந்தே காலி.

சரி, டப்பா கைக்கு வந்துவிட்டது. முதலில் லேபிளில் பானாக்ஸ் என்ற பெயர், அதாவது அசல் ஜின்செங் செடியின் அறிவியல் பெயர், இருக்கிறதா என்று பாருங்கள். அமுக்கராக் கிழங்கை இந்திய ஜின்செங் என்று விற்கிறார்கள். அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம். அதில் ஜின்சினோசைடு கிடையாது, மேலே சொன்ன கதையும் அதற்குப் பொருந்தாது. சைபீரியன் ஜின்செங் என்பதும் வேறு செடிதான்.

அடுத்து, எந்த விதம் என்று பாருங்கள். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள மாதிரி வித்தியாசம் இதிலும் உண்டு. வெள்ளை ஜின்செங் அப்படியே உலர்த்தியது. சிவப்பு, ஆவியில் வேகவைத்து உலர்த்தியது. வேகும்போதே சில சர்க்கரைகள் கழன்று ஆர்ஜி3 போன்றவை உண்டாகிவிடும். மூன்றாவது, நொதிக்க வைத்துப் புளிக்கவிட்ட வகை. உங்கள் குடல் செய்ய வேண்டிய அறுப்பு வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுப்பது. சிவப்பு வகையில் ஒன்றும் தெரியவில்லையே என்று புளிக்கவைத்த வகைக்கு மாறுகிறவர்கள் பழைய அளவிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் ஓடும்போது ஜின்செங்கைத் தொட வேண்டாம். முடித்த பிறகும் சில வாரம் பொறுங்கள், குடல் பழைய நிலைக்கு வர நாள் பிடிக்கும். "தயிர் நெறைய ஊத்திக்கிட்டா சீக்கிரம் வந்துருமாக்கா?" என்று கேட்பார்கள். தயிரும் பழைய சோறும் நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்கள், உள்ளே குடியேறுகிறவை அல்ல. இதற்கென்று அவற்றை நம்ப முடியாது.

ஏற்கெனவே போடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் ஜின்செங் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி. ஜின்செங் அதன் வீரியத்தைக் குறைத்துவிடக்கூடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கிப் போகும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இன்னும் கீழே இறங்கலாம். ஆபரேஷன் இருந்தால் குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள். இதெல்லாம் இல்லாதவர்கள் காலையில், குறைந்த அளவில் தொடங்கலாம். அந்த வாரம் வேறு புது மருந்தோ சூரணமோ சேர்க்காதீர்கள். தூக்கம், படபடப்பு, வயிறு, சர்க்கரை நான்கையும் காலண்டர் தாளிலாவது குறித்து வையுங்கள். அண்ணன் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டிருக்கிறார், அதுவும் இரண்டு. காலையில் ஒன்று என்று மாற்றியதும் தூங்கிவிட்டார். ஆக, எல்லாப் பழியையும் பாக்டீரியா மேல் போடவும் முடியாது.

ஜின்செங்கை வாழ்நாளில் பார்க்காதவர்களுக்கும் இந்த விஷயம் தேவை. நிலவாகையை எடுத்துக்கொள்ளுங்கள், நிலாவரை என்றும் சொல்வோம். நம் தென்மாவட்டத்து வானம் பார்த்த கரிசலில் விளைந்து, டின்னவேலி சென்னா என்ற பெயரில் கப்பலேறுகிற இலை. அதில் உள்ள சென்னோசைடு என்ற பேதிச் சத்து வயிற்றிலோ சிறுகுடலிலோ ஒன்றும் செய்யாது. பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றிய பிறகுதான் குடலைத் தள்ளும் பொருளாக மாறும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம். மெடிக்கலில் நான் அதிகம் திட்டியது இந்த விஷயத்துக்காகத்தான்: ஒரு மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "கேக்கலக்கா" என்று இன்னொன்று போடுவார்கள். மறுநாள் முழுக்கக் கொல்லைப்புறம்தான். ராத்திரி ஒன்று போட்டுவிட்டுப் படுங்கள், விடியட்டும்.

இங்கிலீஷ் மருந்திலும் இதே கதைதான். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்ஃபாசலசின் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். பெருங்குடல் பாக்டீரியாதான் கட்டை அவிழ்க்கும். இதயத்துக்குத் தரும் டிகாக்சினில் கதை தலைகீழ்: சிலருடைய குடலில் இருக்கும் எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் டிகாக்சின் எதிர்பாராமல் ஏறலாம். ஆகவே இந்த மாத்திரைகள் போடுகிறவர்கள் பல் டாக்டரிடம் போனாலும் சீட்டைக் காட்டுங்கள்.

டாக்டரிடம் "ஏதோ வேர்ப்பொடி" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள், வாங்கின அன்றே லேபிளைப் போட்டோவும் எடுத்து வையுங்கள். அண்ணனிடம் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னபோது, கொரிய எழுத்தெல்லாம் சுரண்டிப் போய், அதில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருந்தது.