பாண்ட் கேம்ஸ்: எதுல ஆரம்பிக்கணும், எப்படி ஆடணும்

1983ல அட்டாரி 2600ங்கிற பழைய கன்சோலுக்கு வந்த ஜேம்ஸ் பாண்ட் கேம்ல இருந்து கணக்கு போட்டா 007 பேர்ல வந்த கேம் எக்கச்சக்கம் இருக்கு, எல்லாத்தையும் வருஷ வாரியா ஆடிடலாம்னு உக்காந்தீங்கன்னா பாதி கூட தாண்ட மாட்டீங்க, அவ்ளோ குப்பை நடுவுல கிடக்கு. அதனால முதல்ல எதை எடுக்கணும், எதை விட்டுடணும்னு சொல்லிட்டு அப்புறம் எப்படி ஆடுறதுன்னு போறேன்.

நான் வச்சிருக்கிற கணக்கு சிம்பிள். படம் தியேட்டருக்கு வர்ற நேரத்துக்கு அவசர அவசரமா கூடவே வந்த கேம் பெரும்பாலும் சுமார். படம் போய் ரொம்ப நாள் கழிச்சு நிதானமா வந்ததும், படமே இல்லாம சொந்தமா ஒரு கதை எழுதிக்கிட்டு வந்ததும்தான் தேறும். கோல்டன்ஐ படம் 1995 நவம்பர், ரேர் கம்பெனி பண்ண கேம் நின்டென்டோ 64க்கு வந்தது 1997 ஆகஸ்ட், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் லேட். லேட்டா வந்தும் 80 லட்சம் காப்பிக்கு மேல வித்துச்சு. ஃப்ரம் ரஷ்யா வித் லவ் படம் 1963, கேம் 2005, ஷான் கானரியே வந்து புதுசா குரல் குடுத்திருக்கார். நைட்ஃபயர் 2002, எவ்ரிதிங் ஆர் நத்திங் 2004, ரெண்டும் படமே இல்லாத கதை. இந்தப் பக்கம் பாத்தா குவான்டம் ஆஃப் சோலஸ் படம் வந்த அதே 2008ல கேமும் வந்துச்சு, கால் ஆஃப் டியூட்டி 4ங்கிற இன்னொரு ஷூட்டர் கேமோட இன்ஜின்ல ஓடுது, ஆடவும் அப்படியேதான் இருக்கும், பாண்ட்ங்கிறதுக்கு முகத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. கணக்குல மாட்டாத ஒண்ணும் இருக்கு, டுமாரோ நெவர் டைஸ் படத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 1999ல பிளேஸ்டேஷனுக்கு வந்தும் சுமார்தான், அதை வச்சு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

அப்போ வரிசை என்னன்னா, முதல்ல கோல்டன்ஐ, அடுத்து எவ்ரிதிங் ஆர் நத்திங், அப்புறம் நைட்ஃபயர், டைம் இருந்தா ஃப்ரம் ரஷ்யா வித் லவ், பிளட் ஸ்டோன். 007 லெஜண்ட்ஸ் வேண்டாம், பாண்ட் படங்களோட அம்பதாவது வருஷத்துக்குன்னு பழைய படத்தையெல்லாம் எடுத்து எல்லாத்துலயும் டேனியல் கிரெய்க் முகத்தை ஒட்டி வச்சு 2012ல விட்டாங்க, பண்ண யூரோகாம் ஸ்டுடியோவே அந்த வருஷ கடைசியில மூடிட்டாங்க.

இப்ப கேம் எங்க கிடைக்கும்ங்கிற பிரச்சனை. இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, ஏன்னா பாண்ட் லைசன்ஸ் கைமாறிக்கிட்டே இருந்துச்சு, இஏ கிட்ட இருந்து ஆக்டிவிஷனுக்குப் போச்சு, ஆக்டிவிஷன் கிட்ட முடிஞ்சதும் 2013 ஆரம்பத்துல ஸ்டீம்ங்கிற கம்ப்யூட்டர் கேம் ஆன்லைன் கடையில இருந்து அவங்க பாண்ட் கேமையெல்லாம் தூக்கிட்டாங்க. அதனால இந்த ரெண்டு கம்பெனி காலத்து கேமுக்கு டவுன்லோட்னு தேடாதீங்க, பழைய டிஸ்க்தான் வழி. கோல்டன்ஐ மட்டும் தப்பிச்சுது, 2023 ஜனவரி 27ல ஸ்விட்ச்லயும் எக்ஸ்பாக்ஸ்லயும் ஒரே நாள்ல திரும்ப வந்துச்சு. ஸ்விட்ச்ல ஆன்லைன் சந்தாவோட எக்ஸ்பான்ஷன் பேக்கும் சேர்த்து இருக்கணும். எக்ஸ்பாக்ஸ்ல கேம் பாஸ் சந்தா மூலமா வந்துச்சு, ரேர் ரீப்ளேங்கிற ரேர் கம்பெனி கேம் தொகுப்பை டிஜிட்டலா வச்சிருந்தவங்களுக்கும் குடுத்தாங்க.

ரெண்டுல எதுன்னு கேட்டா தனியா ஆடப்போறீங்கன்னா எக்ஸ்பாக்ஸ், படம் 4கே-ல பளிச்சுனு இருக்கும், ரெண்டு ஸ்டிக் கன்ட்ரோலும் இப்போ வர்ற கேம் மாதிரியே ரெடியா இருக்கும், அச்சீவ்மென்ட்டும் உண்டு. ஆனா ஆன்லைன்ல ஃப்ரெண்ட்ஸ் கூட ஆடணும்னா ஸ்விட்ச் மட்டும்தான், எக்ஸ்பாக்ஸ்ல ஒரே டிவி முன்னாடி உக்காந்து ஸ்பிளிட் ஸ்க்ரீன்ல ஆடலாம், அவ்ளோதான்.

டிஸ்க் வாங்குறவங்களுக்கு ஒரு டிப்ஸ், நின்டென்டோவோட வீ கன்சோல்ல முதல்ல வந்த மாடல்ல, அதுக்கு முந்தின கேம்க்யூப் கன்சோலோட டிஸ்க் அப்படியே ஓடும், மேல கேம்க்யூப் கன்ட்ரோலர் சொருகுற போர்ட் இருக்கிற மாடலா பாத்து வாங்குங்க, கூட கேம்க்யூப் மெமரி கார்டும் வேணும், இல்லன்னா சேவ் ஆகாது. நைட்ஃபயர், எவ்ரிதிங் ஆர் நத்திங் ரெண்டும் அதுல ஆடிடலாம். அப்புறம் ரீஜன் லாக். டிஸ்க் எந்த ரீஜனோ கன்சோலும் அதே ரீஜனா இருக்கணும், இதைப் பாக்காம விலை கம்மியா இருக்குன்னு வாங்கிட்டு அப்புறம் உக்காந்து புலம்பாதீங்க. நைட்ஃபயர் கம்ப்யூட்டர் வெர்ஷன் வேற டீம் பண்ணது, கார் ஓட்டுற மிஷனே அதுல கிடையாது, கன்சோல் வெர்ஷனையே பாத்து எடுங்க.

சரி கோல்டன்ஐ போட்டாச்சு, ஸ்விட்ச்ல ஆன் பண்ணதும் "என்னடா இது, மேல பாக்க சொன்னா கீழ பாக்குது"ன்னு தோணும். நின்டென்டோ 64 கன்ட்ரோலர்ல ஒரே ஒரு ஸ்டிக்தான், அதுக்குன்னு போட்ட கன்ட்ரோல் அது. இதை சரி பண்ணாம ஆடவே ஆடாதீங்க, பாதி பேர் இங்கதான் கடுப்பாகி மூடி வைக்கிறாங்க. கேமுக்குள்ள பாஸ் பண்ணா பாண்டோட வாட்ச் வரும், அதுல கன்ட்ரோல் ஸ்டைல் பக்கத்துக்குப் போய் 1.2 சாலிடேர் எடுங்க, ஆப்ஷன்ஸ்ல லுக் அப் டவுனை அப்ரைட்னு மாத்துங்க. இப்போ இடது ஸ்டிக்ல பாக்குறதும் வலது ஸ்டிக்ல நடக்குறதுமா தலைகீழா இருக்கும், பயப்படாதீங்க, கேமை விட்டு வெளிய வந்து ஸ்விட்சோட சிஸ்டம் செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் போய் பட்டன் மேப்பிங்ல ரெண்டு ஸ்டிக்கையும் இடம் மாத்தி விடுங்க, அப்படியே இசட்எல்லையும் இசட்ஆரையும் மாத்திட்டா சுடுறது வலது கைக்கு வந்துடும். முடிஞ்சுது, இப்போ வர்ற எந்த ஷூட்டர் மாதிரியும் ஆடலாம். இந்த மேப்பிங் கன்சோல் முழுக்க எல்லா கேமுக்கும் பொருந்தும், அதனால ஃபேவரிட்டா சேவ் பண்ணி வச்சுக்கிட்டு ஆடி முடிச்சதும் பழையபடி மாத்திடுங்க.

இனிமே ஆட்டம். இதுல அடிபட்டா ஓரமா ஒளிஞ்சு நின்னா உயிர் ஏறாது, மருந்துப் பெட்டியும் கிடையாது, கிடைக்கிறது பாடி ஆர்மர் மட்டும், அதுவும் டிஃபிகல்ட்டி ஏற ஏற அபூர்வமாயிடும். அதனால கால் ஆஃப் டியூட்டி பழக்கத்துல கதவைத் திறந்துக்கிட்டு உள்ள பாஞ்சீங்கன்னா செத்தீங்க. கதவைத் திற, பின்னாடி வா, எதிரி வெளிய வரட்டும், வந்ததும் தலையில ஒண்ணு. எதிரிக்கு கை கால்ல பட்டாலும் துடிச்சு நிப்பான், அந்த நேரம் அவனால சுட முடியாது, அதனால கூட்டமா வந்தா ஒருத்தனையே கொன்னு முடிக்கணும்னு நிக்காம ஆளுக்கு ஒண்ணு வச்சு எல்லாரையும் துடிக்க விட்டுட்டு அப்புறம் முடிக்கிறது நல்லது. இன்னொண்ணு சத்தம். சைலன்சர் போட்ட பிபி7 கைத்துப்பாக்கி வச்சு ஒவ்வொண்ணா சுட்டா பக்கத்து ரூம்காரனுக்குத் தெரியாது, கேஎஃப்7 ரைஃபிள் எடுத்து தடதடன்னு அடிச்சா எங்க எங்கயோ நிக்கிறவன் எல்லாம் கிளம்பி வருவான். அலாரம் பெட்டியை எவனாவது ஓடிப் போய் அமுக்குறதுக்கு முன்னாடி சுட்டு உடைச்சிடுங்க.

டிஃபிகல்ட்டி மூணு இருக்கு, ஏஜென்ட், சீக்ரெட் ஏஜென்ட், 00 ஏஜென்ட். ஏத்துனா எதிரி பலசாலி ஆகுறது மட்டும் இல்ல, வேலையும் கூடும், அதுதான் இந்த கேமோட அழகே. முதல் லெவல் டேம் எடுத்துக்கோங்க, ஏஜென்ட்ல அணை மேல ஓடிப் போய் கீழ குதிச்சா போதும், சீக்ரெட் ஏஜென்ட்ல அலாரம் எல்லாத்தையும் உடைச்சிட்டு குதிக்கணும், 00ல அதுக்கு மேல மோடம் மாட்டணும், டேட்டா எடுக்கணும். ஒரே இடம், மூணு விதமான மிஷன். அதனால லெவல் ஆரம்பிச்சதும் வாட்ச்சைத் திறந்து என்னென்ன வேலைன்னு படிச்சிடுங்க, படிக்காம கடைசி வரைக்கும் போய் "மிஷன் ஃபெய்ல்டு" வாங்குறது ரொம்ப சகஜம். முதல்ல 18 லெவலையும் ஏஜென்ட்ல முடிச்சு இடத்தை மனப்பாடம் பண்ணுங்க, அப்புறம் மேல ஏறுங்க. சீக்ரெட் ஏஜென்ட்ல எல்லாம் முடிச்சா அஸ்டெக்னு ஒரு போனஸ் லெவல், 00ல முடிச்சா ஈஜிப்ஷியன், அந்த ரெண்டையும் 00ல முடிச்சா 007 மோட், அதுல எதிரியோட உயிர், குறி, வேகம் எல்லாம் நீங்களே கூட்டிக் குறைச்சுக்கலாம்.

சீட் (ஆட்டத்தோட விதியை மாத்துற குறுக்குவழி) எல்லாம் டைப் பண்ணி வாங்குறது இல்ல, நேரத்துக்குள்ள லெவலை முடிச்சா பரிசா கிடைக்கும். ரன்வே லெவலை ஏஜென்ட்ல 5 நிமிஷத்துக்குள்ள முடிச்சா டிகே மோட், எல்லாருக்கும் தலையும் கையும் பெருசாயிடும், இது யாரும் வாங்கிடலாம். டேமை சீக்ரெட் ஏஜென்ட்ல 2:40க்குள்ள முடிச்சா பெயின்ட்பால். ஆனா எல்லாரும் உயிரைக் குடுத்து தேடுறது ஃபெசிலிட்டி லெவல், 00 ஏஜென்ட்ல 2:05க்குள்ள, பரிசு சாகாவரம்.

ஃபெசிலிட்டியைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன். ஏர் டக்ட்ல ஆரம்பிக்கும், ஊர்ந்து போய் டாய்லெட்டுக்குள்ள குதிப்பீங்க, அங்க நிக்கிறவனோட நேரம் வீணாக்காதீங்க, தடுக்கிறவனை மட்டும் சுட்டுட்டு ஓடணும். இங்க நிஜ எதிரி யாருன்னா டாக்டர் டோக். நம்ம பக்கத்து உளவாளி, அவரைத் தேடிப் பிடிச்சு கிட்டப் போய் நின்னாதான் பேசி டோர் டிகோடர் தருவார், அது இல்லாம 00ல பாட்டிலிங் ரூம் கதவு திறக்காது. பிரச்சனை என்னன்னா மனுஷன் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிப்பார். போற வழியிலேயே கண்ணுல பட்டார்னா அந்த ஓட்டம் தேறும், படலையா, தேடிக்கிட்டு அலையாதீங்க, உடனே அபார்ட் பண்ணி மறுபடி ஆரம்பிங்க. அவசரத்துல வெள்ளைக் கோட்டைப் பாத்ததும் சுட்டுடாதீங்க, அது டோக்கா இருந்தா கதை முடிஞ்சுது, மத்த சயின்டிஸ்ட்டும் சாகக் கூடாது. (இந்த டோக் அந்த கேமை பண்ண டீம்ல இருந்த டேவிட் டோக் பேருதான், காவலாளிங்க மூஞ்சிகூட டீம் ஆளுங்களோடதுதான், ஆக அவங்களையே அவங்க சுட விட்டிருக்காங்க.) டிகோடரை கதவு கிட்ட போய் போட்டுட்டு திறக்குற வரைக்கும் முதுகை சுவத்துல ஒட்டி நின்னு வர்றவனைப் பாத்துக்கோங்க. உள்ள போனா பாண்டோட கூட்டாளி ஏஜென்ட் 006 இருப்பார், அவர் கிட்ட போங்க, அப்புறம் டாங்குல ரிமோட் மைன் ஒட்டிக்கிட்டே வெளியேறுற பக்கம் ஓடுங்க, வெடிக்க வைக்க வாட்ச்சுக்கு மாறி நேரத்தைத் தின்னாதீங்க, ஏ-யையும் பி-யையும் ஒண்ணா அமுக்குனா கையில என்ன இருந்தாலும் வெடிக்கும்.

00ல இன்னொரு தலைவலி கன்ட்ரோல்ங்கிற லெவல். பாண்டுக்கு உதவுற புரோகிராமர் நடால்யா கம்ப்யூட்டர் முன்னாடி நின்னு டைப் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, மேல இருந்தும் பக்கத்துல இருந்தும் ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க, நடால்யா ரெண்டு மூணு குண்டு வாங்குனா லெவல் போச்சு. டைப் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சுத்தி இருக்கிறவங்களை சுத்தமா காலி பண்ணிடுங்க, அப்புறம் தூரமா போய் வேட்டையாடாம நடால்யா பக்கத்துலயே நின்னு பாருங்க. ட்ரெயின் லெவல்ல கடைசி பெட்டியில வாட்ச் லேசரால தரையில இருக்கிற மூடியை அறுத்து வைக்கணும், நடால்யா வேலையை முடிக்கிற வரைக்கும் வெளிய குதிச்சிடாதீங்க, ஆனா கடிகாரமும் ஓடும்.

எவ்ரிதிங் ஆர் நத்திங்குக்கு வந்தா இது தேர்ட் பெர்சன், அதாவது பாண்டை வெளிய இருந்து பாத்துக்கிட்டே ஆடுறது, பியர்ஸ் பிராஸ்னன் கடைசியா பாண்டா வந்தது இதுலதான், ஜூடி டென்ச், ஜான் கிளீஸ் குரல் இருக்கு, வில்லன் வில்லெம் டஃபோ. படமா எடுத்திருக்க வேண்டிய கதை. இதுல துப்பாக்கியை நம்பாதீங்க, பாண்ட் சென்ஸ்னு ஒண்ணு இருக்கு, போட்டா நேரம் மெதுவாகி சுத்தி எதை உபயோகிக்கலாம்னு காட்டும், புது இடத்துக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா அதைப் போட்டுப் பாருங்க. சுவரைக் கண்டா கயித்துல தொங்கிப் போற ராப்பெல், சின்ன இடுக்கைக் கண்டா உள்ள க்யூ ஸ்பைடர்ங்கிற குட்டி ரோபோ சிலந்தியை விடு, இப்படி யோசிச்சா பாதி சண்டையே இல்லாம போயிடும். பிளட் ஸ்டோன்லயும் அதே மாதிரிதான், கையால ஒருத்தனை மடக்குனா தானா குறி வச்சு சுடுற ஃபோகஸ் எய்ம் ஒண்ணு கிடைக்கும், மூணு வரைக்கும் சேத்து வச்சு ஒரே மூச்சுல மூணு பேரை சாய்க்கலாம், சேக்காம ஆடுனா சாதா ஷூட்டர்தான். கோல்டன்ஐ படத்துக்கு எழுதுன புரூஸ் ஃபெயர்ஸ்டீன்தான் கதை, ஆனா முடிவு தொங்கல்ல விட்டிருக்கும், அடுத்த பாகமும் வரல, தெரிஞ்சுக்கிட்டே ஆடுங்க.

புதுசா வேணும்னா ஹிட்மேன் பண்ண ஐஓ இன்டராக்டிவோட 007 ஃபர்ஸ்ட் லைட் இருக்கு, பாண்டுக்கு 26 வயசு, இன்னும் 00 நம்பரே வாங்காத காலம், இதுவும் எந்தப் படத்தையும் ஒட்டி வராத கதைதான்.

நாலு பேர் சேந்தா திரும்பவும் கோல்டன்ஐ மல்டிபிளேயர்தான். ஆட்டத்துக்கு முன்னாடியே ரூல்ஸ் பேசிடுங்க. ஆட்ஜாப்ங்கிற கேரக்டரை எடுக்கக் கூடாது, ஆள் குள்ளம், நேரா சுட்டா தலைக்கு மேல போகும், எவன் முதல்ல எடுத்தாலும் சண்டைதான். முதல் ரவுண்டு லைசன்ஸ் டு கில் வைங்க, ஒரு குண்டு பட்டா காலி, புதுசா ஆடுறவனுக்கும் ஜெயிக்க வழி இருக்கும். மேப் தெரிஞ்சவங்களா இருந்தா பிராக்சிமிட்டி மைன்ஸ் (ஆள் கிட்ட வந்தா வெடிக்கிறது) போட்டு காம்ப்ளெக்ஸ் மேப்பை எடுங்க, கதவு ஓரத்துலயும் ஆர்மர் இருக்கிற இடத்துலயும் ஒட்டிட்டு ஒதுங்கிடணும், எங்க ஒட்டுனோம்னு மறந்துட்டு அதுலயே மாட்டுறவன் கட்டாயம் ஒருத்தன் இருப்பான். அடுத்தவன் ஸ்க்ரீனை எட்டிப் பாக்குறது தப்பான்னு கேட்டா, ஒரே டிவியில நாலு கட்டம் கண்ணு முன்னாடி இருக்கும்போது பாக்காம எப்படி ஆடுறது, தடுக்க முடியாத ரூலைப் போடாதீங்க, அதுக்குப் பதிலா எல்லா மூலையும் ஒரே மாதிரி இருக்கிற மேப்பா எடுத்துடுங்க.