டெக்சாஸில் பிடிவாரண்டா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

ஹூஸ்டனில் ஒரு குற்றவியல் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை. கோப்பைத் தேடி எடுப்பது, கிளார்க்கிடம் பேசுவது, வாய்தாத் தேதியைக் குறித்து வைப்பது எல்லாம் என் வேலை. தமிழ் பேசத் தெரிந்தவள் என்பதால் நம் ஊர்க்காரர்களின் போன்கள் என் மேசைக்குத்தான் வரும். "ஒரு பழைய டிராஃபிக் டிக்கெட், மறந்தே போயிட்டேன், இப்ப வாரண்ட் இருக்குன்னு சொல்றாங்க" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியும், வந்த புதிதில் நான் செய்தது போலவே, ஒரே ஒரு தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லக்கா" என்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே இடத்தில் தேடிவிட்டு நிம்மதி அடைவது

டெக்சாஸில் 254 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டங்கள் மாதிரி. எல்லா வாரண்டையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி ஒரு தளம் இங்கே கிடையாது. எந்தக் கோர்ட்டில் தேடுவது என்பதற்கு முதல் துப்பு, டிக்கெட் எழுதியது யார் என்பதுதான். நகரப் போலீஸ் எழுதியிருந்தால் முனிசிபல் கோர்ட். ஷெரிஃப் ஆளோ, கான்ஸ்டபிளோ, மாநில நெடுஞ்சாலைப் போலீஸோ எழுதியிருந்தால் சின்னக் கேஸ்களைப் பார்க்கும் அந்தப் பகுதியின் 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' கோர்ட். ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் இந்த வகைக் கோர்ட்டுகள் எட்டுப் பகுதிகளில் பதினாறு இருக்கின்றன. சிறைத்தண்டனை வரை போகக்கூடிய சிறு குற்றக் கேஸ் என்றால் கவுண்டி குற்றவியல் கோர்ட். ஹாரிஸில் அதன் கோப்புகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும்.

வீட்டு முகவரியை வைத்துத் தேடுவது இன்னும் மோசம். கேட்டி என்று முகவரி இருந்தால் கேட்டி நகரக் கோர்ட்டுக்கு போன் போடுகிறார்கள். அந்த ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. கேட்டி முகவரி உள்ள ஏராளமான வீடுகள் நகர எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. ஹூஸ்டன் பக்கத்துச் சைப்ரஸ் இன்னும் வேடிக்கை. அது சட்டப்படி நகரமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள், போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்திய இடத்தைப் பாருங்கள். டிக்கெட்டின் படம் போனில் இருந்தால் அடிப்பகுதியைப் பெரிதாக்குங்கள். கோர்ட்டின் பெயரும் பகுதி எண்ணும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

நம் பெயர்

இதற்கு மட்டும் தனியாக ஒரு தலைவலி மாத்திரை வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) வந்து உட்காரும். லைசன்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராகும். ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரம் டிக்கெட் எழுதுகிறவர் 'முத்துக்குமரன் ராமசாமி'யை எந்த இடத்தில் வெட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். இடைவெளி விட்டும் விடாமலும் தேடுங்கள். அப்பா பெயரை மட்டும் போட்டும் ஒரு தடவை தேடுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம். அதையும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் விட லைசன்ஸ் எண்ணைச் சொல்லி கிளார்க்கிடம் கேட்பது நல்லது.

பணத்தைக் கட்டி "முடித்துவிடுவது"

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இதைச் செய்கிறவர்கள் பொறுப்பான, நல்ல மனசுக்காரர்கள் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

ஒருவருடைய அம்மா சுற்றுலா விசாவில் வந்திருந்தார். கடையில் ஆளில்லாத பில் கவுண்டரில் பேத்திக்கு வாங்கிய சில பொருட்கள் ஸ்கேன் ஆகாமலே பைக்குள் போய்விட்டன. காவலாளி பிடித்தார், போலீஸ் வந்தது. எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குள். டெக்சாஸில் அது 'கிளாஸ் சி' திருட்டு: பெரும்பாலும் கைவிலங்கு இல்லை, டிக்கெட் போல ஒரு சீட்டு மட்டும், அதிகபட்ச அபராதம் 500 டாலர். வாய்தாத் தேதி வருவதற்குள் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். கோர்ட்டிலிருந்து வந்த கடிதம் மகன் வீட்டு மேசையில் மற்றத் தபால்களோடு கிடந்தது. வாரண்ட் விழுந்தது. மகனுக்கு விஷயம் தெரிந்ததும் என்ன செய்தார்? அம்மா மேல் வாரண்ட் இருப்பதா என்று பதறி, அன்றைக்கு ராத்திரியே கோர்ட் தளத்தில் கார்டைப் போட்டு முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். சில மாதங்கள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் முடிஞ்சதுக்கா, அம்மாவோட விசா புதுப்பிக்கணும், அதுக்கு ஒரு பேப்பர் வேணும்."

முடிந்துதான் இருந்தது, தண்டனையாக! டெக்சாஸ் சட்டத்தில், அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய கேஸில் பணத்தைக் கட்டினாலே 'எதிர்க்கவில்லை' என்று வாக்குமூலம் கொடுத்து, ஜூரி விசாரணையையும் வேண்டாம் என்று சொல்லிக் குற்றவாளி எனத் தீர்ப்பு வாங்கியதாக அர்த்தம். பணம் கட்டும் பக்கத்தில் கார்டு எண் கேட்பதற்கு முன்னால், டிக் செய்ய ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பக்கத்தில் இதெல்லாம் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அம்மாவின் பெயரில் மகனே திருட்டுக் குற்றத்தை ஏற்றுக்கொண்டாயிற்று.

வேகமாகப் போனதற்கு வாங்கிய டிக்கெட் என்றால் இதனால் பெரிய சேதம் வராது; இன்சூரன்ஸ் கூடலாம், அவ்வளவுதான். திருட்டு அப்படியில்லை. குடிவரவுச் சட்டம் அதை, விசாவுக்கே தடையாகக்கூடிய ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. ஒரே ஒரு சிறு குற்றம் என்றால் விலக்கு உண்டு. இரண்டாவது வந்தால் அந்த விலக்கு போய்விடும். விசா படிவமான டிஎஸ்-160 கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கிறது. சீட்டோடு நின்றிருந்தால் நிலைமை வேறு. பணம் கட்டிய பிறகு அந்த அம்மா 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 இரண்டும் சீட்டு வாங்கியதைக் கூடக் கேட்கின்றன.

"அப்ப டெஃபர்ட் வாங்கிக்கலாமே, ஆறு மாசத்துல கேஸ் தள்ளுபடி ஆயிடுமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். டெஃபர்ட் என்றால் தீர்ப்பைத் தள்ளி வைத்து, கோர்ட் போட்ட நிபந்தனைகளை முடித்தால் கேஸைத் தள்ளுபடி செய்வது. மாநிலக் கணக்கில் அது தள்ளுபடிதான். ஆனால் 1996-ல் திருத்திய குடிவரவுச் சட்டத்தின்படி, குற்றத்தை ஏற்றோ 'எதிர்க்கவில்லை' என்றோ வாக்குமூலம் கொடுத்து, கூடவே ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ இருந்தால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். தள்ளுபடி ஆணையைக் கொண்டு போய்க் காட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது.

செய்ய வேண்டியது இதுதான். பணத்தைத் தொடாதீர்கள். வக்கீல் மூலம் 'குற்றமற்றவர்' என்று பதிவு செய்து வாரண்டைத் திரும்பப் பெற்று, கேஸை மறுபடி வாய்தாப் பட்டியலில் கொண்டு வரவேண்டும். அப்புறம் அரசு வக்கீலிடம் பேசி, வாக்குமூலமே இல்லாத தள்ளுபடிக்கோ திருட்டு அல்லாத வேறு பிரிவுக்கோ முயற்சி செய்யலாம். கிளாஸ் சி கேஸ்களில் முதல் கட்டப் பேச்சுக்குப் பல கோர்ட்டுகளில் வக்கீல் போனாலே போதும். அம்மா விமானம் ஏற வேண்டியதில்லை. குற்றவியல் வக்கீலைக் குடிவரவு வக்கீலோடு பேச வையுங்கள். குடிமகன் அல்லாதவருக்குக் குற்றத்தை ஏற்பதால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என்பது 2010-ல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராத்திரி பதினோரு மணிக்கு நீங்களே கார்டைப் போட்டால் அந்த ஆலோசனையை யார் கொடுப்பார்கள்?

அந்த மகன் வந்தபோது மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அந்தக் கெடுவே சில நாட்கள்தான்.

"காலாவதி ஆகிவிடும்"

ஆகாது.

கிஃப்ட் கார்டு

வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல் என்று எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது. போனை வையுங்கள்.

எல்லா வாரண்டுக்கும் ஒரே மாதிரி நேரில் போவது, அல்லது போகவே பயப்படுவது

கிளாஸ் சி வாரண்டுக்குப் பயந்து வருடக்கணக்கில் ஒளிகிறவர்கள் உண்டு. 2017-ல் வந்த சட்டப்படி, ஆஜராகாததற்காகப் போட்ட வாரண்டில் பிடிபடுவதற்கு முன்னால் நீங்களே போய்த் தீர்க்க உண்மையாக முயன்றால், நீதிபதி அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். கையில் காசு இல்லை என்பதும் ஒளிவதற்குக் காரணமாக வேண்டாம். கட்ட வழியில்லாதவரை விசாரிக்காமல் உள்ளே தள்ளக் கூடாது என்று 1983-லேயே பியர்டன் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தவணை, சமூக சேவை எல்லாம் கேட்டுப் பெறலாம்.

சிறை வரை போகக்கூடிய கிளாஸ் பி, கிளாஸ் ஏ குற்றங்கள் வேறு கதை. முதல் தடவை குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கிளாஸ் பி, 180 நாள் வரை சிறை. இதில் ஆஜராகாமல் இருந்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் தனியாகக் கவுண்டரில் போய் நின்றால் அங்கேயே பிடித்து உட்கார வைக்கலாம். வக்கீல் முதலில் ஜாமீன் தொகை எவ்வளவு, ரொக்கமா பிணையா என்று கேட்டு ஏற்பாடு செய்த பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.

முகவரியை ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்பது

வீடு மாறியதும் பத்து நாளுக்குள் முகவரி மாற்றப் படிவமான ஏஆர்-11 போட்டுவிடுகிறார்கள், அதில் நம்மவர்கள் கெட்டி. அது குடிவரவுத் துறைக்கு மட்டும்தான். லைசன்ஸுக்கு மாநிலத் துறையில் 30 நாளுக்குள் தனியாக மாற்ற வேண்டும், கேஸ் இருந்தால் கோர்ட்டுக்கு இன்னொன்று. வாரண்டுக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம் கோர்ட்டிடம் இருக்கும் முகவரிக்குத்தான் போகும்.

ஆணை இல்லாமல் கோர்ட்டை விட்டு வெளியே வருவது

வாரண்ட் ரத்தானது என்று நீதிபதி சொன்னதும் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போலீஸ் கணினியில் அது விலகச் சில நாள் ஆகலாம். அதற்குள் யாராவது வண்டியை நிறுத்தினால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. கையெழுத்தான ஆணையின் நகலை வாங்கி வண்டியிலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ் புதுப்பிக்கத் தடை போட்டிருந்தால் அது தானாக நீங்கியதா என்று தனியாகப் பாருங்கள். கேஸ் முடிந்ததும் முத்திரை போட்ட தீர்ப்பு நகலை மூன்று நான்காக வாங்குங்கள். சின்னக் கோர்ட்டுகள் பழைய கோப்புகளைச் சில வருடங்களில் அழித்துவிடும். குடியுரிமை நேர்காணலுக்கு முந்தின வாரம் வந்து கேட்டால், அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்ற கடிதம்தான் கிளார்க்கிடமிருந்து கிடைக்கும்.