நாற்காலி கைநழுவிய பின் செய்யும் தவறுகள்

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனதும், வரிசையில் நின்றவர் 'இருப்பதா, போவதா' என்று குழம்புவார். அந்தக் குழப்பத்தில்தான் போடக்கூடாத இடத்தில் கையெழுத்துப் போடுவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ரிடென்ஷன் போனஸ் கடிதத்தை வாசிக்காமல் ஒப்பமிடுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். வருடக்கணக்கில் சம்பளம் பேசிப் பழகியவர்களே செய்கிறார்கள். ரிடென்ஷன் போனஸ் என்பது வேலையை விட்டுப் போகாமல் இருக்கத் தரும் பணம். 'நீங்கள் எங்களுக்கு முக்கியம்' என்று 20 லட்சம் தருவார்கள், இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உச்ச வரி அடுக்கில் 30% வரி, அதன் மேல் செஸ் என்னும் துணை வரி சேர்த்து 31.2% பிடித்தம் போக (சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரி வந்தால் அது தனி) கைக்கு வருவது 13.76 லட்சம். பதினெட்டாம் மாதம் கிளம்பினால் பல கடிதங்களின்படி திருப்பிக் கட்ட வேண்டியது முழு 20 லட்சம். கட்டிய வரியை மீட்பது உங்கள் பாடு.

ஒப்பமிடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருப்பித் தருவது கைக்கு வந்த தொகையா, மொத்தத் தொகையா? இருந்த மாதங்களுக்குக் கழிவு உண்டா? (24-இல் 18 மாதம் முடித்தவர் கால்பங்கு கொடுத்தால் போதும்.) புதிய தலைவர் உங்கள் அணியைப் பிரித்து வேறொருவரிடம் கொடுத்தால் நிபந்தனை ரத்தாகுமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் புதிதாக வருபவர் முதல் வருடத்திலேயே கை வைப்பது பெரும்பாலும் அணி அமைப்பில்தான்.

கிடைத்த முதல் கதவில் நுழைவது

டிஸ்னியில் 2020 பிப்ரவரியில் பாப் சாபெக் தலைமை நிர்வாகி ஆனார். அந்த இடத்துக்குப் பேசப்பட்ட கெவின் மேயர், ஜூனில் டிக்டாக்குக்குப் போனார். டிக்டாக் மீது டிரம்ப் அரசு கொடுத்த நெருக்கடிக்கு நடுவே ஆகஸ்டிலேயே விலகினார். சாபெக்கும் 2022 நவம்பரில் நீக்கப்பட்டார். காத்திருந்தால் நாற்காலி மேயருக்குத்தான் என்று சொல்ல வரவில்லை. போகிற இடத்தின் தலைவலியையும் எடைபோட வேண்டும், அவ்வளவுதான்.

தங்குவதைத் தோல்வி என்று நினைப்பது

இன்ஃபோசிஸில் 2014-இல் விஷால் சிக்கா தலைமை நிர்வாகியாக வந்தபோது, அந்த இடத்துக்குப் பேசப்பட்ட பி.ஜி. ஸ்ரீனிவாஸ் ஏற்கெனவே விலகிவிட்டார். வரிசையில் நின்ற இன்னொருவரான பிரவீண் ராவ் தங்கினார், தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஆனார். 2017-இல் சிக்கா விலகியதும் இடைக்காலப் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்து சலில் பரேக் நியமிக்கப்பட்டபோதும் பழைய பதவிக்கே திரும்பி, 2021 டிசம்பர் வரை இருந்தார்.

லிங்க்ட்இனில் பூடகமாகப் புலம்புவது

வேண்டாம்.