ஹ்லுஹ்லுவேல நிக்கிறது மானா, ஆடா, மாடா? பாத்ததும் கண்டுபிடிக்கிறது எப்படி

டர்பன்ல இருந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டி ஹ்லுஹ்லுவே பார்க்குக்குள்ள நுழைஞ்சதுமே இம்பாலா கூட்டம் ஒண்ணு ரோட்ட தாண்டும், உடனே பின் சீட்டுல அண்ணன் பையன் "சித்தப்பா மான்!"னு கத்துவான். நம்ம வீடுகள்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம், ஆனா சௌத் ஆப்பிரிக்காவுக்குன்னு சொந்தமா ஒரு மான் கூட கிடையாது. புள்ளிமான், கடமான் எல்லாம் தனிக் குடும்பம். இங்க இருக்கிற இம்பாலா, கூடூ, நியாலா எல்லாமே ஆடு மாடு குடும்பம்.

முதல்ல காலப் பாருங்க. வரிக்குதிரைக்கு ஒத்தக் குளம்பு, அதனால அது குதிரை, காண்டாமிருகம் பக்கம் போயிடும். குளம்பு ரெண்டா பிளந்திருந்தா நம்ம ஆள். அதுலயும் காட்டுப்பன்னி மான், ஆடு, மாடு மாதிரி அசை போடாது, அத விட்டுருங்க.

அடுத்தது கொம்பு, இங்கதான் நிதானமா பாக்கணும். மான் கொம்பு கிளை விடும், முழுசும் எலும்பு, வருஷா வருஷம் விழுந்து புதுசா முளைக்கும். ஆடு மாடு கொம்பு கிளை விடாது, விழவும் விழாது, உள்ள எலும்பு, மேல நம்ம நகம் மாதிரி ஒரு உறை. பூஜைக்கு வெட்டின கிடாத் தலைய வேகவச்சப்போ நான் கொம்ப லேசா திருகினேன், அப்படியே தொப்பி மாதிரி கழண்டு கையில வந்துருச்சு, அடியில வெள்ளையா சொரசொரன்னு எலும்பு கூம்பா நின்னுச்சு. இம்பாலா கொம்பும் இதே கட்டுமானம்தான். பொட்டை இம்பாலாவுக்கும் பொட்டை கூடூவுக்கும் கொம்பே இருக்காது, அதனால கிடா வர்ற வரைக்கும் பொறுங்க.

ஒட்டகச்சிவிங்கி கொம்பு ரெண்டு கணக்குலயும் வராது, தோல் மூடின கட்டை அது, அதுக்கு தனிக் குடும்பம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், உருவத்த நம்பாதீங்க. மான் மாதிரி ஒயிலா நிக்கிற கூடூ மாட்டுக்குத்தான் நெருங்கின சொந்தம், தாடி வச்சு மாடு மாதிரி நிக்கிற வைல்ட்பீஸ்ட் ஆட்டுக்கு நெருங்கின சொந்தம். கரூங்கிற வறண்ட பூமிப் பக்கம் துள்ளுற ஸ்ப்ரிங்பாக், நம்ம ரக்பி டீம் பேருக்குக் காரணமானது, அது யாருக்குப் பங்காளின்னு நினைக்கிறீங்க? சென்னை கிண்டியிலயும் கோடியக்கரையிலயும் இருக்கிற வெளிமானுக்கு. பேருல மான் இருந்தாலும் வெளிமானும் மான் குடும்பம் இல்ல, கொம்பு முறுக்கித்தான் இருக்கும், கிளை இருக்காது, போட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க.

எங்கயாவது பண்ணையில உள்ளங்கை விரிச்ச மாதிரி கொம்போட ஒண்ணு நின்னா அது ஃபாலோ மான், வெள்ளக்காரங்க கப்பல்ல கொண்டாந்து விட்டது, அத தாராளமா மான்னே கூப்பிடலாம்.