மெக்ரிட்சி தொங்குபாலம்: முதன்முறை நடப்பவர்கள் பாலத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

சிங்கப்பூருக்கு உறவினர் யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போவது மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குத்தான். ஊர் நடுவே இப்படியொரு காடு இருக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தையை அழைத்துப் போனபோது, பாலத்தின் வாசல்வரை சென்றும் பாலத்தில் கால் வைக்காமல் திரும்பும்படி ஆயிற்று. அதன்பிறகு பலமுறை நடந்து பார்த்து வகுத்துக்கொண்ட முறை இது.

ரயிலில் எப்படி வருவது, அட்டையை எங்கே தட்டுவது என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. நடையைத் தொடங்க இரண்டு இடங்கள் உண்டு: நீர்த்தேக்கப் பூங்காவுக்கு கால்டிகாட் அல்லது மேரிமவுண்ட் நிலையம், வின்சர் இயற்கைப் பூங்காவுக்கு அப்பர் தாம்சன் நிலையம். இவை தெரிந்தால் போதும்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

நீங்கள் பார்க்க விரும்பும் தொங்குபாலத்தின் பெயர் ட்ரீடாப் வாக். 2004 நவம்பரில் திறந்தார்கள். புக்கிட் பியர்ஸ், புக்கிட் கலாங் என்ற இரண்டு மேடுகளை இணைக்கிறது. நீளம் 250 மீட்டர். மிக உயர்ந்த இடத்தில் காட்டுத் தரை 25 மீட்டர் கீழே இருக்கும். காடு முழுவதும் காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை திறந்திருந்தாலும் பாலத்துக்குத் தனி நேரம் உண்டு: செவ்வாய் முதல் வெள்ளிவரை காலை 9 முதல் மாலை 5, சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் காலை 8.30 முதல் மாலை 5. திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று பொது விடுமுறையாக இருந்தால் தவிர. பராமரிப்புக்காகச் சில நாள்கள் மூடுவதும் உண்டு. கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கட்டணம் கிடையாது.

பிறகு தொடக்கம்

வின்சரிலிருந்து பாலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து சுமார் நாலரை. பெரியவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் இருந்தால் தயங்காமல் வின்சரைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு ஒத்துழைக்கும் என்றால் நீர்த்தேக்கத்திலிருந்து தொடங்கி முழுச் சுற்றையும் நடக்கலாம். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். உட்கார்ந்து எழுந்து போனால் நான்கைந்து மணி நேரம். என் விருப்பம் நீர்த்தேக்கம்தான். காலை ஏழரைக்குத் தண்ணீரை ஒட்டிய பலகைப் பாதையில் நடக்கும்போது எதிர்க்கரைக் காடு அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். அதைப் பார்க்காமல் நேராகப் பாலத்துக்கு ஓடுவது எனக்குப் பொறுக்காது.

இந்தத் தண்ணீருக்கு ஒரு பழைய கதை உண்டு. ஊருக்குக் குடிநீர் வர வேண்டும் என்று 1857இல் தான் கிம் செங் என்ற வணிகர் 13,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணம் வீணாகிப் போனது. அணைக்கட்டு 1868இல்தான் முடிந்தது. அதற்கு நான்காண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். பின்னாளில் அணையை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922இல் இந்த நீர்த்தேக்கத்துக்கு வந்தது. சுற்றியுள்ள காட்டைப் பாதுகாத்ததே இந்தத் தண்ணீருக்காகத்தான். அதனால்தான் இங்கே ஒரு தாளைக்கூடக் கீழே போடாதீர்கள் என்று உடன் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் சறுக்கிய இடம்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

இரு தொடக்கங்களிலிருந்தும் வரும் வழி வனக்காவலர் நிலையத்தில் சேரும். அங்கே கழிப்பறை இருக்கிறது, குடிநீர் இருக்கிறது. புட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். இதன்பிறகு பாலம் முடிந்து திரும்பும்வரை வேறு எதுவும் கிடையாது.

பாலம் ஒருவழிப் பாதை. புக்கிட் பியர்ஸ் பக்கம் நுழைய வேண்டும், புக்கிட் கலாங் பக்கம் வெளியேற வேண்டும். எனவே நிலையத்திலிருந்து பியர்ஸ் டிராக் என்று எழுதிய ஏற்றத்தில் ஏறுங்கள். பாலத்தைக் கடந்ததும் பெட்டாலிங் டிரெயில் என்ற படிக்கட்டுப் பாதை உங்களை மறுபடி நிலையத்துப் பக்கமே கொண்டுவந்து விடும்.

நான் அன்று கைபேசி வரைபடத்தில் பாலத்தின் பெயரைத் தட்டி, அது காட்டிய கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தக் கோடு வெளியேறும் முனைக்குப் போனது. பெட்டாலிங் படிகள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறினார். மேலே போனால் வெளியே வரத்தான் வழி, உள்ளே போக இல்லை. மரங்களுக்கு நடுவே பாலத்தின் கம்பிகள் தெரிகின்றன. அதில் நடப்பவர்களின் பேச்சுக்குரல்கூடக் கேட்கிறது. “வந்த வழியே இறங்க வேண்டுமா தம்பி?” என்றார் அத்தை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடி சுற்றி வர அவரிடம் தெம்பு இல்லை.

ஆகவே: நிலையத்தை அடைந்ததும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கிளைப்பாதை ஒவ்வொன்றிலும் நிற்கும் வழிகாட்டிப் பலகையை மட்டும் நம்புங்கள். எதிரே வருபவர்கள் எல்லோரும் உங்களை விசித்திரமாகப் பார்த்தால், நீங்கள் தவறான திசையில் ஏறுகிறீர்கள்.

கையில் என்ன, காலில் என்ன

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், இதில் குறைக்காதீர்கள். காலுக்கு விலையுயர்ந்த மலையேற்றக் காலணி தேவையே இல்லை. அக்கம்பக்கக் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ரப்பர்க் காலணி, ரப்பர் மரம் சீவுபவர்கள் அணிவதுபோன்றது, ஈர மண்ணில் பிடித்துக்கொள்ளும், கழுவினால் உடனே காயும். நான் வேறு எதையும் அணிவதில்லை.

நெகிழிப் பை மட்டும் வேண்டவே வேண்டாம். இங்குள்ள நீள்வால் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு உணவு மணி. பையைத் தோளில் மாட்டி, ஜிப்பை முழுதாக மூடி, எதையும் கையில் வைத்துத் தின்னாமல் நடந்தால் அவை உங்களைப் பொருட்படுத்தாது. உணவு கொடுப்பது குற்றம்; முதல்முறையே 5,000 சிங்கப்பூர் டாலர்வரை அபராதம். அபராதத்தைவிட முக்கியமானது, மனிதக் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு பிறகு மனிதரைத் துரத்தும்; துரத்தும் குரங்குக்கு நல்ல முடிவு வருவதில்லை.

மழை வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். மதியத்துக்குமேல் இடியும் மழையும் சேர்வது இங்கே வழக்கம். எனவே காலை நடைதான் என் பரிந்துரை. ஏப்ரல் முதல் நவம்பர்வரை சில நாள்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை கொட்டித் தீர்க்கும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். திட்டத்தைக் கைவிட வேண்டாம், தாமதமாகக் கிளம்புங்கள்.

பாலத்தின்மேல்

வரிசையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பின்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்து நடுவில் நின்றுகொள்ளுங்கள். கீழே மரங்களின் தலைகள் மட்டும் தெரியும். தொலைவில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் ஒரு வெள்ளித் தகடுபோல மின்னும். பாதையில் நடக்கும்போது மரத்தண்டுகளையும் பாருங்கள். ஒருமுறை பட்டையில் ஒரு பாசித் திட்டு என்று நினைத்ததை உற்றுப் பார்த்தேன். சாம்பலும் பச்சையும் கலந்த மயிர், அதன் ஓரத்தில் ஒரு பெரிய உருண்டைக் கண். கொலுகோ என்ற, காற்றில் சறுக்கிச் செல்லும் விலங்கு. கால்களுக்கிடையே உள்ள தோலைத் தண்டோடு தண்டாக ஒட்டவைத்து, பகல் முழுவதும் அசையாமல் இருக்கும்.

தெம்பு மிச்சமிருந்தால் ஜெலுத்தோங் கோபுரத்துக்கும் போகலாம். ஏழு தளம் ஏறினால் காட்டின் கூரை முழுவதும் தெரியும். அங்கே பாலத்து நெரிசல் இல்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தாய், குழந்தைத் தள்ளுவண்டியோடு போகலாமா என்று கேட்டிருந்தார். முடியாது; பாலம் குறுகல், அதன்பின் வரும் படிகள் அதைவிடச் சிரமம். குழந்தையை முதுகில் சுமக்கும் பை சரிவரும். தள்ளுவண்டியோடுதான் வர வேண்டுமென்றால் நீர்த்தேக்கப் பூங்காவின் கரைப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாயை அழைத்து வரலாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். காப்புக் காட்டுக்குள் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

இன்னொரு வாசகர் வேறு சிக்கலைச் சொன்னார். வின்சரில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தவர், பாலம் முடிந்த களைப்பில் கூட்டத்தோடு நடந்து நீர்த்தேக்கப் பக்கம் இறங்கிவிட்டாராம். வனக்காவலர் நிலையத்துக்குத் திரும்பியதும் ஒருமுறை நின்று, வீனஸ் டிரைவ் என்று எழுதிய அம்புக்குறியைத் தேடுங்கள். அது உங்களை வின்சருக்கே கொண்டுபோகும்.

அத்தை போன டிசம்பரில் மறுபடி வந்திருந்தார். இந்த முறை வின்சரிலிருந்து தொடங்கி, பியர்ஸ் டிராக்கில் மெல்ல ஏறி, பத்தே காலுக்குப் பாலத்தில் நின்றோம்.