வாள்பல் பூனையின் புதைபடிவத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாள்பல் பூனையின் மண்டையோட்டைப் பார்ப்பவரின் கண் அந்த இரண்டு கோரைப்பற்களை விட்டு எளிதில் நகராது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது, அதைப் புலி என்பது. பிரேசிலின் லகோவா சாந்தா குகைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1842-இல் டென்மார்க் ஆய்வாளர் பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட் பெயர் சூட்டிய ஸ்மைலோடான் என்னும் இந்த வாள்பல் பூனை, பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் புலியும் சிங்கமும் தோன்றிய கிளையிலிருந்து அதன் கிளை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது.

நீண்ட கோரைப்பல் இருந்தாலே பூனை என்று முடிவுகட்டுவது இதனினும் பெரிய தவறு. தென் அமெரிக்காவில் வாழ்ந்த தைலக்கோஸ்மிலஸுக்கும் வாள் போன்ற பற்கள் உண்டு; அதுவோ கங்காரு போன்ற பைம்மா விலங்குகளுக்கு உறவினம். இரண்டின் பல்வேரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். வளர்ந்த ஸ்மைலோடானின் வேர் நுனி மூடியிருக்கும்; தைலக்கோஸ்மிலஸின் பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்ததால் அதன் வேர் திறந்தே இருக்கும்.

பல்லின் நீளத்தைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஸ்மைலோடான் பாப்புலேட்டர் என்னும் இனத்தின் கோரைப்பல் 28 செ.மீ. வரை இருந்தது என்பது வேரையும் சேர்த்த அளவு. அதில் கணிசமான பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருந்தது. இறந்தபின் பல் குழியிலிருந்து நழுவி வெளியே நீண்டுவிடுவதும் உண்டு. ஆகவே பளபளப்பான எனாமல் எங்கே முடிகிறது என்று பார்க்காமல், உயிருடன் இருந்தபோது பல் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று கூறிவிடக் கூடாது. பக்கவாட்டில் தட்டையான அந்தப் பல், குறுக்கே விழும் அழுத்தத்தில் எளிதாக முறியக்கூடியது என்பதையும் மறந்துவிட்டு, எலும்பைக் குத்தித் துளைக்கும் ஈட்டியாக அதை வர்ணிப்பது சரியன்று.

லாஸ் ஏஞ்சலஸிலுள்ள லா பிரேயா நிலக்கீல் (தார்) குழிகளில் 2,000-க்கும் மேற்பட்ட ஸ்மைலோடான்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் கலைந்து கிடந்தவை என்பதால், நிறுத்திவைக்கப்பட்ட ஓர் எலும்புக்கூட்டை ஒரே விலங்கின் உடலாக எண்ணி அளவெடுக்க வேண்டாம். அங்கு இரையைவிட வேட்டை விலங்குகளே மிகுதி என்பதால் அக்காலக் காடெங்கும் அவையே நிறைந்திருந்தன என்று கொள்வதும் பிழை. நிலக்கீலில் சிக்கித் தவித்த ஒரு காட்டெருமையை உண்ண வந்த பல வேட்டை விலங்குகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தாமும் அதிலேயே சிக்கிக்கொண்டன.